தொப்பியை அடகு வைத்த வீரர்கள்

பெல்ஜியம் நாட்டின் மேற்கு மூலையில், ஈப்பர் நகரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் போப்பரிங்கே என்றொரு சிற்றூர் உள்ளது. பீர் வடிப்போர் கசப்புச் சுவைக்காகச் சேர்க்கும் ஹாப் பூவை விளைவித்து, உலர்த்தி, விற்று வாழ்ந்த ஊர் அது. முதல் உலகப் போர் அதன் அமைதியைக் குலைத்தது. 1914 ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஈப்பர் நகரை மூன்று புறமும் ஜெர்மானியர் நெருக்கி நின்றனர். நான்காவது புறத்தில், பிரித்தானியப் படைக்குப் பின்வாசல் போல அமைந்தது போப்பரிங்கே. ரயிலில் வந்திறங்கிய படைகள் இவ்வூரைக் கடந்தே போர்முனைக்குச் சென்றன. பிழைத்தவர்கள் இளைப்பாறத் திரும்பியதும் இவ்வூருக்கே. இங்கும் அவ்வப்போது பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. எனினும் சுவர்களும் கூரைகளும் பெரும்பாலும் நின்றன. ஈப்பரில் நின்ற சுவர்களோ மிகச் சில.

சேற்றிலும் பேனிலும் பிணவாடையிலும் பல நாள் கிடந்து மீண்ட இளைஞனுக்கு என்ன வேண்டும்? குளிக்க வெந்நீர், வயிறார உணவு, காய்ந்த படுக்கை. இவற்றுக்குப் பின் சிரிப்பு. உணவு விடுதிகளும் மதுக்கடைகளும் போப்பரிங்கேயில் மலிந்தன. அவற்றைவிடக் கீழான கடைகளும் மலிந்தன. ஆனால் அந்த இளைப்பாறலிலும் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது. நல்ல விடுதிகள் அதிகாரிகளுக்கு மட்டுமே. சாதாரணச் சிப்பாய் அவற்றுள் காலடி வைக்க இயலாது. ஒரு தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் அதிகாரியாகவும் தம்பி சிப்பாயாகவும் இருந்தால், போர்முனைக்குப் புறப்படும் முன்னிரவில்கூட அந்த விடுதிகளில் ஒரு மேசையில் அமர்ந்து உண்ண வழியில்லை. இருவரும் ஒரே குண்டில் மடிவதற்கு மட்டும் தடையில்லை.

இந்தக் கோட்டை அழிக்க ஒரு வீடு எழுந்தது. அதைப் பற்றி எழுதவே நாம் பேனாவை எடுத்தோம்.

கில்பர்ட் டால்பட் என்ற லெப்டினன்ட், வின்செஸ்டர் நகர ஆங்கிலிக்கன் ஆயரின் கடைசி மகன், 1915 சூலை 30 அன்று ஈப்பருக்கு அருகே ஊகே என்னுமிடத்தில் வீழ்ந்தார். வயது 23. அவருடைய அண்ணன் நெவில் டால்பட், 6 ஆம் டிவிஷனின் முதுநிலைப் படைக்குருவாக அதே போர்முனையில் பணியாற்றினார். தம்பியை இழந்த அந்த அண்ணனின் முயற்சியால், பிலிப் கிளேட்டன் என்ற இளம் படைக்குரு போப்பரிங்கேக்கு அனுப்பப்பட்டார். ஹாப் வணிகர் ஒருவரின் பெரிய வீடு வாடகைக்குக் கிடைத்தது. 1915 டிசம்பரில் அது திறக்கப்பட்டபோது, இறந்த இளைஞனின் பெயரால் அதற்கு 'டால்பட் இல்லம்' எனப் பெயரிட்டனர். படைத்துறையின் சைகைக்காரர்கள் எழுத்துகளைச் சொல்லும் முறைப்படி அப்பெயரின் முதலெழுத்துகளைக் கூறினால் 'டாக் எச்' என்று வரும். வீரர்களின் வாயில் அதுவே நிலைத்தது.

கிளேட்டனுக்கு அப்போது 30 வயது. குள்ளம், உருண்டை உடல், தடித்த மூக்குக் கண்ணாடி, ஆழ்ந்த குரல். 'தொந்தியார்' என்று நாம் தமிழில் பெயர்க்கத்தக்க பட்டப்பெயரால் அவரை ஜெனரல்கள் முதல் குதிரைக்காரர் வரை அழைத்தனர். ஆக்ஸ்போர்டில் இறையியலை முதல் வகுப்பில் தேறியவர் அவர். ஆனால் போப்பரிங்கேயில் அவர் எழுதிய நூல், சுவர்களில் தொங்கிய அட்டைகளே.

படைமுகாமின் அறிவிப்புப் பலகைகள் எப்படியிருக்கும் என்பதை வாசகர் ஊகிக்கலாம். இது தடை செய்யப்பட்டுள்ளது, அது தண்டனைக்குரியது, உத்தரவின்படி. கிளேட்டன் அந்த உத்தரவு மொழியைத் தலைகீழாக்கினார். வாசலைத் தாண்டியவுடன் தெருப்பக்கம் விரல் நீட்டிய ஓர் அட்டை இருந்தது: மனம் தளர்ந்து புலம்புவோர் வெளியேறும் வழி அதுவே எனச் சுட்டியது. வீட்டில் விரிப்பின் மேல் துப்பும் வழக்கமுடையோர் இங்கும் தாராளமாகத் துப்பலாம் என்று இன்னோர் அட்டை அனுமதி வழங்கியது. துப்பியவர் எவரும் இருந்திருக்க மாட்டார். குப்பைக் கூடைகள் வெறும் அலங்காரத்துக்கே என்று மேலதிகாரத் தோரணையில் ஒரு கட்டளை. ஒருவனை அவன் குடையைக் கொண்டு மதிப்பிட வேண்டாம், அது அவனுடையதாய் இராமற் போகலாம் என்று ஓர் அறிவுரை. தோட்டத்துக்குள் வந்து போரை மறக்குமாறு ஓர் அழைப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, கிளேட்டனின் அறை வாசலில் இருந்த அட்டை, நரகத்தின் வாயிலில் தாந்தே பொறித்த வரியைத் திருப்பிப் போட்டு எழுதப்பட்டது. அங்கே நுழைவோர் நம்பிக்கையைக் கைவிட வேண்டும். இங்கே நுழைவோர் பதவியைக் கைவிட வேண்டும்.

நம்பிக்கையைக் கைவிட்ட இடம் நரகம் என்றால், பதவியைக் கைவிட்ட இடம் எது என்ற வினாவை அந்த அட்டை சொல்லாமல் எழுப்பியது. இறையியல் பயின்றவரின் நகைச்சுவை அன்றோ!

அந்த அட்டையைக் கடந்து உள்ளே சென்ற கர்னலும் சிப்பாயும் ஒரே கோப்பைத் தேநீரை ஒரே மாதிரி நாற்காலிகளில் அமர்ந்து அருந்தினர். பியானோ ஒன்று ஓயாமல் ஒலித்தது. சொற்போர்கள் நடந்தன. பக்கத்திலிருந்த ஹாப் கிடங்கு பின்னர் கலைநிகழ்ச்சிகளுக்கான அரங்காயிற்று. நண்பரைத் தேடுவோர் தம் பெயரையும் படைப்பிரிவையும் எழுதிவைக்க ஒரு பலகை இருந்தது. அதனால் ஒரே ஊர்க்காரர் பலர் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். இரவு தங்கிய அதிகாரிகளிடம் கட்டணம் வாங்கப்பட்டது; அந்தப் பணம் சாதாரண வீரர்களின் வசதிகளுக்குச் செலவாயிற்று. பதவியைக் கைவிடச் சொன்ன வீடு, பதவிக்குரிய சம்பளத்தை மட்டும் மறக்கவில்லை. இதில் நமக்கு மிகுந்த உடன்பாடு உண்டு.

நூலகத்தின் ஏற்பாடு இன்னும் சுவையானது. புத்தகம் எடுப்பவர் தம் தொப்பியை அடகு வைக்க வேண்டும். தொப்பியின்றித் தெருவில் நடக்கும் வீரன் ஒழுங்குமீறலுக்காகத் தண்டிக்கப்படுவான். ஆகவே புத்தகம் திரும்பி வந்தே தீரும். நூலகம் நடத்திய அனுபவமுள்ள பங்குத்தந்தையர் இந்த முறையை எண்ணிப் பெருமூச்சு விடலாம். ஆனால் அதில் தந்திரத்துக்கு மேல் ஒன்றும் இருந்தது. எந்த ரெஜிமெண்டைச் சேர்ந்தவன் என்பதைக் காட்டும் சின்னம் தொப்பியில்தான் இருக்கிறது. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கையில் ஒரு கதைப் புத்தகத்துடன் மூலையில் அமரும்போது அவன் வீரனல்லன், வாசகன். நெசவாலையிலோ சுரங்கத்திலோ வயலிலோ தான் யாராக இருந்தானோ, அவனாக ஒரு மணி நேரம் இருந்தான்.

கிளேட்டனின் ஏவலராக இருந்தவர் ஆர்தர் பெட்டிஃபர் என்ற கடைநிலைச் சிப்பாய். அவரை அந்த வீட்டில் எல்லாரும் 'ஜெனரல்' என்றே அழைத்தனர். பதவியில்லாத வீட்டில் ஜெனரலாக இருக்கத் தகுந்தவர் தேநீர் கொண்டுவருபவரே என்று கருதினார்கள் போலும். உங்களுள் பெரியவராக விரும்புகிறவர் உங்கள் தொண்டராக இருக்கட்டும் என்னும் பொருள்பட ஆண்டவர் சொன்னதை நாம் எத்தனையோ மறையுரைகளில் விளக்கியிருக்கிறோம். ஒரு பட்டப்பெயர் அந்த வேலையை அவ்வளவு சுருக்கமாகச் செய்துவிட்டது.

பாசறையில் தலைவனும் வீரனும் நெருங்கும் காட்சி நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. நெடுநல்வாடையில், வாடைக் காற்று வீசும் நள்ளிரவில் பாண்டியன் உறங்காமல் பாசறையில் திரிகிறான். புண்பட்ட வீரர்களை ஒருவர் பின் ஒருவராகக் காண்கிறான். உயர்ந்த காட்சிதான், ஐயமில்லை. ஆயினும் அங்கே மழைத்துளி படாமல் மன்னனுக்கு மேல் குடை பிடிக்கப்பட்டிருக்கிறது. புண்பட்டவன் மனம் குளிர்ந்திருக்கலாம். மன்னனோடு சேர்ந்து சிரித்திருக்க மாட்டான். இரக்கம் குடைக்குக் கீழிருந்தும் பிறக்கும். ஒன்றாகச் சிரிப்பதற்குக் குடையை மடக்க வேண்டியிருக்கிறது.

இந்த வேறுபாட்டை நாம் வெளிநாட்டுப் போர்க்களத்தில் மட்டும் தேட வேண்டியதில்லை. நம் திருவிழா மேடைகளில் ஆயர் ஒரு நகைச்சுவை சொல்லி எவரும் சிரிக்காமல் இருந்ததை நாம் கண்டதில்லை. பங்குத்தந்தையின் நகைச்சுவைக்கும் அந்தச் சலுகை ஓரளவு உண்டு. அந்தச் சிரிப்பில் எவ்வளவு நகைச்சுவைக்கு, எவ்வளவு நாற்காலிக்கு என்று பிரித்தறிய, கோயில்பிள்ளை நம்மைப் பற்றி நம் காதுபடச் சொல்லும் கேலிக்கு நாம் சிரிக்கிறோமா என்று பார்த்தால் போதும்.

கீழிருந்து மேல் நோக்கிய அத்தகைய கேலியும் ஈப்பர் முனையில் அச்சேறியது. 1916 பிப்ரவரியில், இடிந்த ஈப்பர் நகரில் கைவிடப்பட்ட அச்சு எந்திரம் ஒன்று ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் படையின் 12 ஆம் பட்டாளத்தாருக்குக் கிடைத்தது. கேப்டன் ஃபிரெட் ராபர்ட்ஸ் ஆசிரியர். லெப்டினன்ட் ஜாக் பியர்சன் துணையாசிரியர். அமைதிக் காலத்தில் அச்சுத்தொழில் செய்த சார்ஜன்ட் ஒருவர் அச்சுக்கோப்பவர். எழுத்துகள் போதாமையால் ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கலைத்த பிறகே அடுத்த பக்கத்தைக் கோக்க முடிந்தது. முதல் இதழ் 100 படிகள். ஆங்கிலேயச் சிப்பாயின் நாக்கில் ஈப்பர் என்ற பெயர் 'வைப்பர்ஸ்' என்று சிதைந்தது. அதையே இதழின் பெயராக்கினர்: 'வைப்பர்ஸ் டைம்ஸ்'.

அதன் போலி விளம்பரங்கள் புகழ்பெற்றவை. சேற்று அகழிகளை விடுமுறை மாளிகைகள் போல் விற்பனைக்கு அறிவித்தன. எல்லாம் விரைவில் நன்றாக முடியும் என்று நம்பும் நோய்க்கு மருந்து அறிவித்தன. போர்முனையை எட்டிப் பாராமலே வீரம் பேசிய செய்தியாளர்களை இதழ் விட்டுவைக்கவில்லை. நம் கத்தோலிக்க எழுத்தாளர் ஹிலேர் பெல்லாக் அப்போது வார இதழொன்றில், எதிரியின் படைபலம் எவ்வளவு தேய்ந்தது என்று கணக்குப் போட்டு எழுதிவந்தார். 'பெலரி ஹெல்லாக்' என்று அவர் பெயரின் எழுத்துகளை இடம்மாற்றிய ஒரு போலி அறிஞர், ஜெர்மனியில் இனிப் போரிட ஆளே மிச்சமில்லை என்பதைக் கூட்டல் கழித்தலால் நிறுவிக் காட்டினார். அதை வாசித்த வீரனின் தலைக்கு மேல் அந்த இல்லாத ஜெர்மானியரின் குண்டுகள் பறந்துகொண்டிருந்தன. பெல்லாக்கின் மறைத்தளராய்வுகளை மதிக்கும் நாமும் இங்கே சிரித்துவிட்டோம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கடினமான கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. இந்தச் சிரிப்பு யாருக்குப் பயன்பட்டது?

குருமடத்தில் நாம் பயின்ற புனித தாமஸ் அக்குவினாஸ், தம் இறையியல் தொகுப்பில் விளையாட்டையும் நகைச்சுவையையும் பற்றித் தனியே ஆராய்கிறார். அளவான நகைச்சுவையை அவர் ஒரு நற்பண்பாகவே வைக்கிறார். அதற்கு அரிஸ்டாட்டிலின் கிரேக்கச் சொல்லான 'யூட்ரபேலியா' என்பதை எடுத்தாள்கிறார். தானும் சிரிக்காமல் பிறரையும் சிரிக்கவிடாமல் இருப்பவன் பிறருக்குச் சுமையாகிறான். ஆகவே அவன் குற்றமுடையவன் என்பது அவர் முடிவு. தவக்கால முகத்தை ஆண்டு முழுவதும் அணிந்திருப்போர் இந்தப் பகுதியை வாசிப்பது நல்லது. வியப்பு என்னவென்றால், இதே கிரேக்கச் சொல்லைத் திருத்தூதர் பவுல் எபேசியருக்கு எழுதிய மடலில் தகாத பேச்சின் வரிசையில் வைத்துக் கண்டிக்கிறார். ஒரே சொல் ஒருவரிடம் நற்பண்பு, மற்றவரிடம் தீமை. சிரிப்புக்கு இரண்டு முகமும் உண்டு என்பதைத் திருச்சபை தன் சொற்களஞ்சியத்திலேயே அறிந்திருக்கிறது.

அக்குவினாஸ் அந்த இடத்தில் ஒரு பழங்கதையைச் சொல்கிறார். பாலைநிலத் துறவியரின் மரபிலிருந்து காசியான் வழியாக வந்த கதை. நற்செய்தியாளர் யோவான் தம் சீடர்களோடு விளையாடிக் களித்திருந்தாராம். அதைக் கண்டு சிலர் முகம் சுளித்தனர். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவரை அழைத்து அம்பு எய்யச் சொன்னார். அவர் பல முறை எய்தார். இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார் யோவான். வில் முறிந்துவிடும் என்றார் அவர். மனித மனமும் அவ்வாறே, இடையிடையே தளர்த்தாவிட்டால் முறிந்துவிடும் என்றார் திருத்தூதர்.

இதை நாம் தியானங்களில் பலமுறை சொல்லியிருக்கிறோம். போப்பரிங்கேயை மனத்தில் கொண்டு வாசிக்கும்போது அதே கதை நெஞ்சில் தைக்கிறது. வில்லை ஏன் தளர்த்துகிறார்கள்? மீண்டும் எய்வதற்காக. கதையில் அது உவமை. போர்ப் பாசறையில் அது உவமையன்று. சிரித்துத் தேறிய இளைஞன் மறுநாள் அகழிக்குத் திரும்பினான். தன்னைப் போலவே சிரிக்கத் தெரிந்த மற்றோர் இளைஞனைச் சுட்டான். டால்பட் இல்லத்தைப் படைத்தலைமை ஏன் ஆதரித்தது? படையின் மன உறுதி நிலைக்க வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கு இருந்தது. வைப்பர்ஸ் டைம்ஸின் கேலியைச் சகித்ததற்கும் அந்தக் கணக்கு ஒரு காரணமாய் இருந்திருக்கும். கேலி செய்யும் படை கலகம் செய்வதில்லை என்று எந்தத் தளபதியும் அறிவார்.

அந்த வீட்டிலிருந்து சில நிமிட நடையில் ஊரின் நகர மன்றம் இருக்கிறது. அதன் பின்முற்றத்தில் ஒரு மரத்தூண்; அருகே சிறு சிறைக்கூடங்கள். போர்முனையிலிருந்து ஓடினார்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட பிரித்தானிய வீரர்கள் சிலரை விடியற்காலையில் அங்கே கட்டிவைத்து, அவர்களுடைய படையினரே சுட்டனர். அத்தகைய கடைசி இரவுகளில் படைக்குரு உடனிருப்பது வழக்கம். அந்தப் போரில் இவ்வாறு தம் படையாலேயே சுடப்பட்ட 306 பேருக்கு, 2006 இல் பிரித்தானியப் பாராளுமன்றச் சட்டத்தால் மன்னிப்பு வழங்கப்பட்டது. ஒரு தெருவில் பதவி கைவிடப்பட்டது. அடுத்த தெருவில் பதவியின் கையெழுத்து ஓர் உயிரை முடித்தது. இரண்டும் ஒரே படை, ஒரே ஊர், ஒரே போர்.

பதவியைக் கைவிட அழைக்கப்படாதவர்களும் உண்டு. 1915 ஏப்ரல் இறுதியில், நச்சுவாயு வீசப்பட்ட ஈப்பர் முனைக்கு இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் விரைந்து கொண்டுவரப்பட்டுப் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. ஈப்பரின் மெனின் வாயிலில், கல்லறை அறியப்படாத 54,000 க்கும் மேற்பட்டோரின் பெயர்களோடு இந்தியப் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. டால்பட் இல்லம் கதவைத் திறந்த அதே நாள்களில்தான் இந்தியக் காலாட்படை அந்த முனையைவிட்டு மெசப்பத்தாமியா நோக்கி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தது. இங்கிலாந்து அரசரின் ஆணைபெற்ற அதிகாரியாகும் வழி இந்தியருக்கு 1917 வரை ஏறத்தாழ அடைபட்டேயிருந்தது. கைவிடுவதற்கு முதலில் பதவி வேண்டுமல்லவா?

ஆகவே அந்தச் சிரிப்பு போருக்கு உதவியதா என்று கேட்டால், ஆம், உதவியது என்றே நாம் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு மட்டுமே உதவியதா? இல்லை என்று நாம் கருதுகிறோம். அதற்கு அந்த வீட்டின் மாடிப்படிகளில் ஏறிப் பார்க்க வேண்டும்.

மேல்தளத்தில், ஹாப் உலர்த்தி வைத்த கூரையடிக் கூடத்தைக் கிளேட்டன் சிற்றாலயமாக்கினார். இறுதி இராவுணவை நினைவூட்டும் வகையில் அதனை 'மேலறை' என்றனர். ஏணி போன்ற செங்குத்தான படி. கீழே தோட்டக் கொட்டகையில் கிடைத்த தச்சர் பட்டறைப் பலகையே பீடம். தச்சரின் மகனுக்கு அதைவிடப் பொருத்தமான பீடம் எது? கீழ்த்தளத்தில் பியானோவும் கும்மாளமும், மேல்தளத்தில் அமைதி. ஒரே வீட்டில், ஒரே படிக்கட்டின் இரு முனைகளில். கீழே சிரித்தவர்களுள் பலர் மேலே முழந்தாளிட்டனர். சிலருக்கு அது முதல் நற்கருணை. சிலருக்கு அதுவே கடைசி. அது ஆங்கிலிக்கன் வழிபாடு. கத்தோலிக்கர் அதில் பங்குபெற்றுத் திருவிருந்து வாங்கும் காலம் அன்று இல்லை, இன்றும் அந்த ஒன்றிப்பு கனியவில்லை. ஆனாலும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்த கண்களோடு பார்க்கும் நாம், தூய ஆவியார் அந்தக் கூரையடியில் செயலாற்றவில்லை என்று எப்படிச் சொல்வோம்?

நம் திருச்சபையின் படைக்குருக்களுள் இதற்கு இணையானவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். இயேசு சபைக் குரு வில்லி டாயில், அயர்லாந்தில் 1873 இல் பிறந்தவர். 16 ஆம் ஐரிஷ் டிவிஷனின் படைக்குரு. இளமையிலிருந்தே குறும்புக்காரர். தம்மை வருத்தும் தவமுயற்சிகளில் மிகக் கடுமையானவர். அதைப் பிறர் மீது சுமத்தாமல், பிறருக்குச் சிரிப்பை மட்டும் கொடுத்தவர். போர்முனையிலிருந்து முதிய தந்தைக்கு அவர் எழுதிய கடிதங்கள் குண்டுமழையைக்கூட வேடிக்கை போல் விவரிக்கின்றன. மகனைப் பற்றிய கவலை தந்தையை அரிக்கக் கூடாதென்று. அக்குவினாஸ் சொன்ன நற்பண்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நாம் அறியோம். 1916 இல் சோம் போர்க்களத்தில், இறந்தோருக்காக அவர் ஒரு திருப்பலி நிறைவேற்றினார். அகழியின் சுவரைச் சிறிது வெட்டி நிற்க இடம் செய்துகொண்டார். இரண்டு ஜெர்மானியத் துப்பாக்கிமுனைக் கத்திகளைச் சுவரில் செருகி, அவற்றின் மேல் ஒரு பிஸ்கட் பெட்டியை வைத்துப் பீடமாக்கினார். சுற்றிலும் அடக்கம் செய்யப்படாத உடல்கள். கொல்வதற்கென்று வடிக்கப்பட்ட இரும்பு அன்று அப்பத்தையும் இரசத்தையும் தாங்கியது.

1917 ஆகஸ்டு 1 ஆம் நாளிட்ட சமாதான அறிக்கையில் திருத்தந்தை 15 ஆம் பெனடிக்ட், இந்தப் போர் நாளுக்கு நாள் பயனற்ற உயிர்க்கொலையாகவே தோன்றுகிறது எனப் போரிடும் அரசுகளுக்கு எடுத்துரைத்தார். அரசுகள் செவிமடுக்கவில்லை. அடுத்த பதினைந்தாம் நாள், ஆகஸ்டு 16 அன்று, ஈப்பருக்குக் கிழக்கே காயமுற்றவர்களிடையே பணிசெய்துகொண்டிருந்த தந்தை டாயில் குண்டுபட்டு இறந்தார். உடல் கிடைக்கவில்லை. அவரைப் புகழ்ந்து எழுதியவர்களுள், கத்தோலிக்கரோடு தீராப் பகை கொண்டிருந்த வட அயர்லாந்துப் புரோட்டஸ்டன்ட் வீரரும் ஒருவர். 2022 இல் மீத் மறைமாவட்டம் அவருடைய புனிதர்பட்ட முயற்சிகளை முறைப்படி தொடங்கியது.

தந்தை டாயிலும் கிளேட்டனும் போரை நிறுத்தவில்லை. நிறுத்தும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை. திருத்தந்தையாலேயே முடியவில்லையே! போர் என்ற எந்திரம் மனிதனை எண்ணாகவும் பட்டையாகவும் மாற்றிக்கொண்டிருந்தபோது, அவர்கள் அவனை அவன் பெயரால் அழைத்தார்கள், அவனோடு சிரித்தார்கள். வில்லைத் தளர்த்துவோர் வில்லின் மேல் அக்கறையுள்ளவர்கள் அல்லர். எய்வதன் மேல்தான் அவர்களுக்கு அக்கறை. இவர்கள் இருவரும் வில்லைப் பார்க்கவில்லை. கர்னலின் சிரிப்பிலும் சிப்பாயின் சிரிப்பிலும், போருக்கு முன்னே இருந்தவனையும் போருக்குப் பின்னே இருக்க வேண்டியவனையும் பார்த்தார்கள்.

பின்னே இருந்தவர்களின் கதையும் சிறிது உண்டு. மேலறையில் மண்டியிட்டவர்களுள், போர் முடிந்து பிழைத்தால் குருத்துவப் பணிக்கு வருவேன் என்று பெயர் கொடுத்த வீரர்கள் பலர். படிப்போ பணமோ இல்லாதவர்கள் பெரும்பாலோர். அவர்களைத் தேடித் திரட்டிக் கிளேட்டனும் அவர் தோழர்களும் 1919 இல் இங்கிலாந்தின் நட்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் ஆயத்தப் பள்ளி ஒன்றை நடத்தினர். இடம், பயனொழிந்த பழைய சிறைச்சாலை. குருமடத்தைச் சிறையென்று கேலி பேசும் குருமாணவர் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். அங்கே அது கேலியன்று, முகவரி. சிறையறைகளில் படித்துத் தேறிய நூற்றுக்கணக்கானோர் அச்சபையின் குருக்களாயினர். கிளேட்டன் 1922 முதல் நாற்பது ஆண்டுகள் இலண்டன் கோபுரத்தருகே உள்ள பழமையான ஆலயத்தில் பங்குகுருவாக இருந்து, 1972 இல் மறைந்தார்.

போப்பரிங்கே வீடு போருக்குப் பின் உரிமையாளரிடம் திரும்பியது. பின்னர் கொடையாளர் ஒருவரின் உதவியால் அதை விலைக்கு வாங்கினர். இன்றும் அது திறந்திருக்கிறது. ஒரு பகுதி அருங்காட்சியகம், ஒரு பகுதி விருந்தினர் இல்லம். கல்லறைத் தோட்டங்களில் பாட்டனின், கொள்ளுப்பாட்டனின் பெயரைத் தேடிக் களைத்து வருவோருக்குத் தேநீர் தருகிறார்கள். தச்சர் பலகைப் பீடம் மேலறையில் இருக்கிறது. அட்டைகள் தத்தம் சுவர்களில் தொங்குகின்றன. மனம் தளர்ந்தோருக்கு வெளியேறும் வழியைக் காட்டும் விரல் இன்னும் தெருப்பக்கமே நீட்டியிருக்கிறது.